ஆற்றை அடைத்த மருதமரம்

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் மடுவின் கரையில், மினுக்கன் என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. மினுக்கன் சரியான சாப்பாட்டுப் பிரியன். ஆனால் பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தது.

ஒரு வருடம் வெள்ளத்தில் பெரிய மருதமரம் ஒன்று ஆற்றின் குறுக்கே சாய்ந்தது. கல்லும் சருகும் வந்து அடைத்துக்கொள்ள, அது சுவராகவே ஆகிவிட்டது. மேலே போக வழியில்லாமல் பெரிய பெரிய கெண்டை மீன்கள் மடுவிலேயே தங்கிவிட்டன. மினுக்கனுக்குக் கொண்டாட்டம்!

மூன்றாவது மழைக்காலம் வந்தது. தண்ணீர் குடிக்க வந்த யானை, "வழியை மறித்துக் கிடக்கிறதே, இந்த மரத்தை இழுத்துப் போடட்டுமா?" என்று கேட்டது.

"ஐயோ, வேண்டாம் அண்ணா! என் பிள்ளைகள் பட்டினி கிடக்கும்," என்றது மினுக்கன். இளகிய மனசுக்கார யானை திரும்பிப் போய்விட்டது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பொன்செதிலி என்ற கெண்டை தலையை நீட்டியது. அதன் வயிறு நிறைய முட்டை.

"மினுக்கா, மடுவில் மீன் நிறைய இருக்கிறதா?"

"கண் இல்லையா உனக்கு? எங்கே கை வைத்தாலும் மீன்தான்!"

"அப்படியென்றால் உன் சின்னக் குட்டியின் வாய்க்குள் அடங்குகிற மாதிரி ஒரு மீனைப் பிடித்துக் காட்டு. காட்டிவிட்டால் நானே உன் வாயில் வந்து விழுகிறேன்."

மினுக்கன் சிரித்துக்கொண்டே முங்கியது. வேர் இடுக்கு, பாறைச் சந்து, பாசியின் அடி என்று சாயங்காலம் வரை துழாவியது. ஒரு குஞ்சுகூட அகப்படவில்லை. அத்தனையும் வயதான மீன்கள்.

"குஞ்சுகள் எல்லாம் எங்கே?" என்று மூச்சு வாங்கக் கேட்டது.

"பிறந்தால்தானே இருக்கும்! மேலே கூழாங்கல் ஓடையில்தான் எங்கள் முட்டை பொரியும். இந்தச் சேற்றில் இட்டால் அழுகிப்போகும். எனக்கு முதல் முட்டை வரவே எட்டு வருடம் ஆயிற்று. நாங்கள் தீர்ந்துபோனால் உன் பிள்ளைகள் எதைச் சாப்பிடும்?"

மினுக்கன் தன் குட்டிகளைப் பார்த்தது. உடனே மூங்கில் காட்டுக்கு ஓடி, "அண்ணா, மரத்தை எடுத்துவிடுங்கள்!" என்று யானையைக் கையோடு அழைத்து வந்தது.

மரம் விலகியது. தண்ணீர் சீறிப் பாய்ந்தது. பொன்செதிலி முன்னே நீந்த, கெண்டைகள் ஒவ்வொன்றாக மேலேறின. மினுக்கன் எச்சிலை விழுங்கிக்கொண்டு பார்த்திருந்ததே தவிர, ஒன்றையும் தொடவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க வீட்டில் நண்டுதான். "அப்பா, கிள்ளுகிறது!" என்று குட்டிகள் கத்தின.

மழை ஓய்ந்ததும், விரல் நீளக் குஞ்சுகள் ஓடையிலிருந்து ஆயிரமாயிரமாய் இறங்கி வந்தன. குட்டிகள் பாய்ந்தன. மினுக்கன் இரண்டின் வாலையும் பிடித்து இழுத்து, "இப்போது வேண்டாம் கண்ணுகளா, வளரட்டும்," என்றது.

நீதி: இருப்பவை கொழுத்திருந்தால் மட்டும் போதாது, பிறக்கப் போகிறவற்றுக்கும் வழி விட வேண்டும்.