கிரீடம் வேண்டாம் என்ற உடும்பு

மூங்கில்பள்ளம் என்ற காட்டில் மலையப்பன் என்றொரு கரடி நாடகக் குழு நடத்தி வந்தது. குளத்தங்கரையில் இருந்த அகலமான பாறைதான் மேடை. வெயில் தாழ்ந்ததும் மான், முயல், பன்றி என்று காடே அங்கே கூடிவிடும். வருகிற விலங்குகள் சும்மா வருவதில்லை. பழமோ கிழங்கோ தேனடையோ கொண்டு வந்து மேடையோரம் வைக்கும்.

நாடகம் முடிந்ததும் பங்கு பிரிப்பது கரடிதான். தேனடை முழுவதும் கரடிக்கு. நல்ல பழமெல்லாம் கதாநாயகன் மயில் வர்ணராசனுக்கு. மீதியை மற்ற எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அந்த மீதியில் பாதி அழுகியிருக்கும்.

அந்தக் குழுவில் சாத்தப்பன் என்ற உடும்பு இருந்தது. அதற்குக் கிடைத்ததெல்லாம் சின்னச் சின்ன வேடங்கள். ஒரு நாள் மந்திரி. ஒரு நாள் வைத்தியர். ஒரு நாள் மருமகளை விரட்டும் மாமனார். எந்த வேடம் போட்டாலும் அந்த வேடமாகவே மாறிவிடும். அதனால் காட்டில் எல்லோருக்கும் அதன் முகம் தெரியும். பெயர் யாருக்கும் தெரியாது.

"நீதானே அந்தப் பொல்லாத மாமனார்?" என்று வழியில் நிறுத்திக் கேட்பார்கள்.

"ஆமாம், நான்தான்" என்று சாத்தப்பன் தலையை ஆட்டும்.

அதற்கும் ஓர் ஆசை உண்டு. ஒரே ஒரு நாடகத்தில் ராஜாவாக நடிக்க வேண்டும். ஆளில்லாத நேரத்தில் குளக்கரையில் வாலை இழுத்துக்கொண்டு ராஜநடை நடந்து பார்க்கும். தவளைகள் சிரித்தால், கால் மரத்துவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கும்.

குழுவில் பூவாயி என்ற மந்தியும் இருந்தது. மயிலுக்குப் பதிலாகத் தாவுவதும் குதிப்பதும் அதன் வேலை. குதித்தால் தோகை கலைந்துவிடும் என்று வர்ணராசனுக்குப் பயம். ஆகவே இளவரசன் கோட்டையிலிருந்து அகழியில் குதிக்கும் காட்சி வந்தால், மயில் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பூவாயி இறகுகளைக் கட்டிக்கொண்டு பாறையிலிருந்து குளத்தில் குதிக்கும். கைதட்டல் மயிலுக்குப் போகும்.

அந்தக் கோடையில் குளம் வற்றத் தொடங்கியது.

"முதலாளி, தண்ணீர் முழங்காலளவுகூட இல்லை. கொஞ்சம் கீழே இருந்து குதிக்கட்டுமா?" என்று பூவாயி கேட்டது.

"உயரத்தைப் பார்க்கத்தானே கூட்டம் வருகிறது? பேசாமல் குதி" என்றது கரடி.

பூவாயி குதித்தது. கால் முறிந்தது. வலியில் அது அலறியபோது, அதுவும் நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் பலமாகக் கைதட்டியது.

மேடையில் மந்திரி வேடத்தில் நின்ற சாத்தப்பனுக்கு மட்டும் அந்தக் குரல் வேறு மாதிரி கேட்டது. வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கியது. பூவாயியை முதுகில் தூக்கிக்கொண்டு கரையேறியது. அன்றைய நாடகம் அதோடு நின்றது.

மறுநாள் பங்கு பிரிக்கும்போது பூவாயிக்கு ஒன்றும் இல்லை.

"குதிக்காத குரங்குக்குப் பங்கு எதற்கு?" என்றது கரடி. "நாடகத்தைக் கெடுத்த உடும்புக்கும் இன்று பாதிதான்."

சாத்தப்பன் அந்தப் பாதியைக் கொண்டுபோய்ப் பூவாயியின் முன்னால் வைத்தது. மந்தி அதைத் தொடவில்லை.

"அண்ணே, இன்று எனக்கு நீங்கள் கொடுக்கிறீர்கள். நாளை உங்கள் கால் உடைந்தால் உங்களுக்கு யார் கொடுப்பார்கள்?"

அந்தக் கேள்வி சாத்தப்பனின் மண்டைக்குள் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தது.

அடுத்த நாளிலிருந்து அது குழுவில் ஒவ்வொருவரையும் தேடிப் போனது. போய்ப் பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது. சின்ன வேடக்காரர்களுக்கு அது கைவந்த கலை. மற்றவர் வசனம் பேசும்போது முகம் பார்த்துக் கேட்பதுதானே அவர்கள் மேடையில் பாதி நேரம் செய்யும் வேலை!

முள்ளம்பன்றி, போர்க் காட்சிக்கு அம்பு வேண்டும் என்று தன் முள்ளையே பிடுங்குவதாகச் சொன்னது. "முதுகைப் பாருங்கள், பாதி வழுக்கை" என்று திரும்பிக் காட்டியது. பின்பாட்டுப் பாடும் தவளைகளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. முரசு கொட்டும் மரங்கொத்திக்கு நாள் முழுக்கத் தலைவலி.

எல்லோரும் ஆலமரத்தடியில் கூடினார்கள். சங்கம் அமைப்பது என்று முடிவானது. கரடியிடம் போய்ப் பேசுவது யார் என்று கேட்டதும் எல்லாத் தலைகளும் குனிந்தன.

"சாத்தப்பண்ணே, நீங்கள்தான் மந்திரி" என்றது மரங்கொத்தி.

"அது நாடகத்தில்."

"அந்த வசனத்தையாவது பேசிவிட்டு வாருங்கள்."

சாத்தப்பன் போனது. கரடியைப் பார்த்ததும் வேறு எதுவும் நினைவுக்கு வராமல், "மன்னர் மன்னா! மலையொத்த தோளுடைய மாவீரா!" என்று தொடங்கிவிட்டது.

கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சாத்தப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாக்கை இரண்டு முறை வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு சாதாரணமாகச் சொன்னது: "முதலாளி, அடிபட்டவர் குணமாகும் வரை பங்கு வேண்டும். குதிக்கும் இடத்தில் ஆழம் பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் சருகு மெத்தை போட வேண்டும். வருகிற பழத்தை எல்லோருக்கும் ஒரே குவியலிலிருந்து பிரிக்க வேண்டும். இது என் பேச்சு இல்லை. எங்கள் எல்லோருடைய பேச்சு."

கரடியின் சிரிப்பு நின்றது. பிறகு குரலைத் தேனாக்கிக்கொண்டது.

"சாத்தப்பா, உன் திறமையை நான் இத்தனை நாள் வீணடித்துவிட்டேன். அடுத்த நாடகத்தில் நீதான் ராஜா. இதோ பார்."

கொன்றைப் பூவால் கட்டிய கிரீடத்தை எடுத்து உடும்பின் தலையில் வைத்தது. கச்சிதமாகப் பொருந்தியது.

சாத்தப்பனின் கண்கள் கலங்கின. குளத்து நீரில் தன் உருவத்தைப் பார்த்தது. கழுத்தைத் திருப்பி மறுபடியும் பார்த்தது. எத்தனை நாள் ஆசை!

"கதை என்ன முதலாளி?" என்று மெல்லக் கேட்டது.

"வீரராஜன் கதை. பகைவர்கள் துரத்தும்போது நீ மலையுச்சியிலிருந்து குதித்துத் தப்புகிறாய்."

"எனக்குக் குதிக்க வராதே."

"நீ எதற்குக் குதிக்க வேண்டும்? பூவாயிக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அவளுக்கு உன்னைப் போல வேடம் கட்டிவிடுவோம். இந்தச் சங்கம், கிங்கம் என்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடு."

சாத்தப்பன் கிரீடத்தைக் கழற்றியது. பூ உதிராமல் பார்த்துக் கரடியின் முன்னால் வைத்தது.

"அழகான கிரீடம்தான் முதலாளி. ஆனால் என்னால் சுமக்க முடியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது. வழியெல்லாம் அதற்கு அழுகை வந்தது. ஆலமரத்தடிக்கு வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளை யாரும் மேடை ஏற வேண்டாம்" என்றது.

மறுநாள் மாலை கூட்டம் வந்துவிட்டது. நடிகர்கள் வரவில்லை. கரடியும் மயிலும் மட்டும் நின்றன.

"நீ ஒருவன் போதாதா? உன்னைப் பார்க்கத்தானே கூட்டம்?" என்று கரடி மயிலை மேடைக்குத் தள்ளியது.

வர்ணராசன் தோகை விரித்து நின்றது. "யாரங்கே?" என்று கம்பீரமாகக் கேட்டது. யாரும் அங்கே இல்லை. மறுபடியும் கேட்டது. "நாங்கள்தான் இருக்கிறோம்" என்றது கூட்டத்திலிருந்து ஒரு முயல். எல்லோரும் சிரித்தார்கள். பகைவன் இல்லாததால் மயில் காற்றோடு வாள்சண்டை போட்டது. சண்டையில் தானே வென்று தானே களைத்தது.

கரடிக்குப் பதற்றம் தாங்கவில்லை. சேலை போலக் கொடியைச் சுற்றிக்கொண்டு தாய் வேடத்தில் பாய்ந்து வந்தது. "மகனே!" என்று உறுமியது. முன்வரிசையில் இருந்த மான்குட்டிகள் அலறிக்கொண்டு ஓடின. ஒப்பாரி வைக்க வாயைத் திறந்தால் உறுமல்தான் வந்தது. கொடி காலில் சிக்கிக் கரடி மயிலின் மேலேயே விழுந்தது. தோகையில் பாதி பிய்ந்துபோனது.

பன்றிகள் தங்கள் கிழங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டன. மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். மேடையோரம் காலியானது.

மயில் நொண்டிக்கொண்டே நேராக ஆலமரத்தடிக்குப் போனது.

"எனக்கும் அடிபட்டிருக்கிறது" என்றது சின்னக் குரலில். "சங்கத்தில் என்னையும் சேர்ப்பீர்களா?"

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது. "இவன் தின்ற நல்ல பழமெல்லாம் யாருடையது? போகச் சொல்லுங்கள்" என்றது.

சாத்தப்பன் பூவாயியைப் பார்த்தது. கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருந்த மந்தி, மயிலின் பிய்ந்த தோகையைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

"வலிக்கும். உட்காரச் சொல்லுங்கள்" என்றது.

மூன்று மாலைகள் மேடை இருண்டு கிடந்தது. நான்காம் நாள் கரடியே ஆலமரத்தடிக்கு வந்தது. இளைத்திருந்தது. உடும்பு கேட்டதற்கெல்லாம் தலையாட்டியது. "தேனடையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக…" என்று இழுத்தது. "அதைப் பேசித் தீர்மானிக்கலாம்" என்றது சாத்தப்பன். பேசித் தீர்மானித்தபோது கரடிக்குக் கூடுதலாக ஒரு விரலால் நக்கும் அளவுதான் கிடைத்தது.

பாறையடியில் சருகு மெத்தை வந்தது. பூவாயியின் கால் குணமாகும் வரை அதன் பங்கு தவறாமல் போனது. முள்ளம்பன்றிக்கு முதுகு நிறைய முள் முளைத்தது.

கரடிக்கு உள்ளுக்குள் கோபம் தீரவில்லை. ஆனால் சாத்தப்பன் இப்போது சங்கத் தலைவர்; அதைக் குழுவிலிருந்து நீக்கினால் மேடை மறுபடியும் இருண்டுவிடும். ஆகவே சாத்தப்பனுக்கு இனிமேல் பிண வேடம் மட்டும் கொடுத்தது. வசனம் கிடையாது. அசையக்கூடாது. நாடகம் தொடங்கும்போதே செத்துக் கிடக்க வேண்டும்.

பூவாயிக்கு ஆத்திரம் பொங்கியது. "இதற்கு ஒரு போராட்டம் நடத்தலாம் அண்ணே."

"வேண்டாம்" என்றது சாத்தப்பன். "படுத்துக்கொண்டே சங்க வேலையை யோசிக்க முடிகிறது. மனப்பாடம் செய்கிற தொல்லையும் இல்லை."

அது பிணமாகவும் நன்றாகவே நடித்தது. அது கிடந்த கிடையைப் பார்த்து முன்வரிசை முயல்கள் தேம்பி அழுதன. நாடகம் முடிந்து அது எழுந்ததும், "சாத்தப்பன்! சாத்தப்பன்!" என்று காடே பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

தனக்குக் கிடைக்கும் உயர்வைவிடத் தன்னோடு உழைப்பவரின் நலனைப் பெரிதாக நினைப்பவரையே கூட்டம் தலைவராக ஏற்கும்.