குளம்புக்குள் குளம்

தாகத்தில் நாக்குத் தள்ளிய ஒரு எருமை, தன் கன்றோடு குளக்கரைக்கு வந்தது. அந்தக் கோடையில் காட்டின் சில நீர்நிலைகள் கெட்டுப்போயிருந்தன. எதில் குடிக்கலாம், எதில் கூடாது என்று காட்டுச் சபை தன் இணையப் பக்கத்தில் நீளமாக எழுதியிருந்தது. காட்டிலிருந்த ஒரே லேப்டாப் கரையோர நாவல் மரத்துக் குரங்கிடம் இருந்தது.

"தம்பி, இந்தக் குளத்துல குடிக்கலாமான்னு பாத்துச் சொல்லேன். பிள்ளைக்குத் தொண்டை காய்ஞ்சு கிடக்கு" என்றது எருமை.

"அவ்வளவு நீளத்தை யாரு வாசிப்பா அக்கா? பிரவுசர்ல தேடுறதுக்குன்னே ரெண்டு எக்ஸ்டென்ஷன், அதான் ஒட்டுக் கருவி, போட்டு வச்சிருக்கேன். ஒண்ணு, கிடைச்ச சொல்லுக்கு மஞ்சள் பூசும். இன்னொண்ணு மணி அடிக்கும்."

குரங்கு 'குளம்' என்று தட்டியது. மணி ஒரே ஒரு தடவை அடித்தது. 'குளம்பு' என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகள் மஞ்சளாக மின்னின.

"குளம் உன் குளம்புக்குள்ளதான் இருக்காம். வேற எங்கயும் இல்லை."

எருமை காலைத் தூக்கிப் பார்த்தது. கன்று நக்கிப் பார்த்தது.

"வறண்டு போச்சும்மா."

குளத்தில் மிதந்த தவளை கேட்டது. "அப்போ நான் எதுக்குள்ள உக்காந்திருக்கேன்?"

குரங்கு 'தவளை' என்று தட்டியது. மணி அடிக்கவில்லை.

"நீயே இல்லை. பேசாதே."

தவளை தன்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டது.

அடுத்து 'குட்டை' என்று தட்டியதும் மணி விடாமல் அடித்தது. பக்கமே மஞ்சள் குளித்தது.

"மேற்கால இருக்கிற குட்டைக்கு ஓடுக்கா!"

எருமை ஓடியது. லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு குரங்கும், சந்தேகத்தோடு தவளையும் பின்னால் போயின. கன்றுக்கு முன் தான் குடித்துப் பார்க்கலாம் என்று எருமை குட்டையில் இறங்கியது. சேறு வயிறு வரை இழுத்துக்கொண்டது. கன்று கதறியது.

குரங்கு ஒரு காட்டுக்கொடியில் தொங்கியபடி 'கயிறு' என்று தட்டியது. மணி அடிக்கவில்லை.

"கயிறு இல்லையாம், அக்கா. மனசைத் தேத்திக்கோ."

தவளை திரைக்கு முன்னால் குதித்து, மஞ்சள் இருந்த இடத்தை முழுக்க வாசித்தது. "'குட்டையில் இறங்காதீர்கள். சேறு ஆழம். குளம்பு உள்ளவர்கள் குட்டைப் பக்கமே போக வேண்டாம். மாட்டிக்கொண்டால் கொடிக் கயிற்றால் இழுக்கவும். குளத்தில் தாராளமாகக் குடிக்கலாம்.'"

குரங்கு தலையைச் சொறிந்தது. "குளத்தில்னு எழுதினா குளம்னு தேடுறவனுக்கு எப்படிக் கிடைக்கும்? கயிற்றால்னா கயிறு எப்படிக் கிடைக்கும்? உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் இல்லையே. இல்லாதவன் வாசிச்சுட்டேன். இருக்கிற நீ, தொங்குற கொடியை அறுத்துக் குடு."

குரங்கும் கன்றும் மூச்சுமுட்ட இழுத்ததில் எருமை கரையேறியது. குளத்துக்குத் திரும்பியதும் கன்று முதலில் குடித்தது.

"அக்கா, இதைச் சரிபண்ண ஒரு எக்ஸ்டென்ஷன் வந்திருக்காம்…" என்று குரங்கு தொடங்கியது.

எருமை சேற்று வாலால் லேப்டாப்பை மூடியது.

தேடிய சொல் கிடைக்கவில்லை என்பதால் பொருளே இல்லை என்று முடிவு கட்டாதே. கிடைத்த சொல்லையும் அது இருக்கும் வரியோடு சேர்த்து வாசி.