தலைவரின் தொண்டை

அரையிறுதியில் எதிரே வரப்போவது கரூரா, திண்டுக்கல்லா என்று தெரியவில்லை. கூடைப்பந்து கிளப் தலைவர் அழகர்சாமி, ஆட வாய்ப்பில்லாமல் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த தவமணியைக் கூப்பிட்டார்.

"ரெண்டு டீமோட பயிற்சியையும் பார்த்துட்டு வாம்மா. ரெண்டுக்கும் பொருந்துற மாதிரி ஒரு பலம், ஒரு பலவீனம் சொல்லணும். இல்லன்னா ஜெர்சியைக் குடுத்துட்டுக் கிளம்பு."

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ரெண்டு டீமுக்கும் பலம் உங்க தொண்டைதான் சார். கோட்டுக்கு வெளிய நின்னு எங்களுக்கு 'இடது, வலது'ன்னு கத்துவீங்களே, ரெண்டு இடத்துலயும் பயிற்சியில ஒருத்தி உங்களை மாதிரியே கத்திக் காட்டுறா. மத்தவங்க அதைக் கேட்டு மறிச்சுப் பழகுறாங்க."

"பலவீனம்?"

"அதுவும் உங்க தொண்டைதான். நீங்க கத்துங்க, நாங்க வேற பக்கம் போறோம்."

"அப்படியா? நீயே இறங்கிக் காட்டு."

திண்டுக்கல்தான் வந்தது. தலைவர் "இடது" என்று கத்தினார். எதிரணி மொத்தமும் அந்தப் பக்கம் ஓடியது. தவமணி வலது பக்கம் நிதானமாகப் போய்ப் பந்தைக் கூடையில் போட்டாள். மறுபடியும் கத்தினார், மறுபடியும் எதிர்ப்பக்கமாகவே பந்து கூடையில் விழுந்தது. அதோடு ரோஷம் வந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எந்தப் பக்கம் மறிப்பதென்று தெரியாமல் திண்டுக்கல் அணி திணறியது. கடைசியில் அவர்கள் கேப்டனே கோட்டருகே வந்து அக்கறையாக விசாரித்தாள்.

"என்ன சார், தொண்டை கட்டிருச்சா?"