கோர்ப்பான் விடாத சரடு

ஒரு குட்டையில் நெளிச்சி என்றொரு அமீபா இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அது இரண்டாகப் பிரிய வேண்டும்; பிரிந்தால் இரண்டு பிள்ளைகள். அந்த ஆசையில் கண்டதையெல்லாம் தின்றுகொண்டிருந்தது.

அதன் உடம்புக்குள் எத்தனையோ ரைபோசோம்கள். அவற்றில் ஒன்றின் பெயர் கோர்ப்பான். நடுவில் இருக்கும் உட்கரு ஒரு சரடு அனுப்பும். கோர்ப்பான் அதை மூன்று மூன்று முடிச்சாகத் தடவிப் படிக்கும். முடிச்சு எந்த மணியைக் கேட்கிறதோ அந்த மணியை வாங்கிக் கோர்க்கும். கோர்த்த மாலை சுருண்டு மடங்கினால் அதுதான் புரதம். நெளிச்சி காலை நீட்டுவதும் இரையைச் செரிப்பதும் அந்தப் புரதத்தால்தான்.

கோர்ப்பானுக்குத் தன் கைவேலையில் அப்படியொரு கர்வம். ஒரு மணி தப்பாது. ஆனால் சரடை அனுப்பியது யார் என்று மட்டும் கேட்காது. சரடின் தலையில் குல்லா இருந்தால் போதும், இழுத்துக்கொள்ளும். அதையெல்லாம் விசாரிப்பது தன் வேலை இல்லையாம்!

ஒரு நாள் பாக்டீரியா அளவுக்குக் கொழுத்த வைரஸ் ஒன்று மிதந்து வந்தது. நல்ல தீனி என்று நெளிச்சி அதை வாரி விழுங்கிவிட்டது. பிள்ளைத்தாச்சிப் பசி, பார்த்துத் தின்னவா தோன்றும்?

உள்ளே போன வைரஸ் செரிக்கவில்லை. தன் சரடுகளை வெளியே விட்டது. ஒவ்வொன்றின் தலையிலும் உட்கரு வைப்பது போலவே குல்லா. கோர்ப்பான் சந்தோஷமாக ஒன்றை எடுத்துக் கோர்க்க ஆரம்பித்தது.

நெளிச்சிக்கு உடம்பு கனத்தது. உள்ளே பார்த்தால் எங்கும் வைரஸின் உறைகள். பிள்ளைகளுக்கென்று சேர்த்த மணியெல்லாம் அதற்கே போய்க்கொண்டிருந்தது.

"கோர்ப்பா, கையை நிறுத்துப்பா. இது நம்ம சரடு இல்லை."

"குல்லா இருக்கே, ஆத்தா."

"குல்லா கிடக்கட்டும். நீ என்ன செஞ்சு வச்சிருக்கேன்னு பாரு!"

கோர்ப்பான் அதுவரை முடிச்சை மட்டுமே பார்த்திருந்தது. கோர்த்தது என்னவாகிறது என்று அன்றுதான் பார்த்தது. அத்தனையும் வைரஸின் உறை.

"எனக்கு நிறுத்தத் தெரியாதே, ஆத்தா. நிறுத்துன்னு முடிச்சு வந்தாத்தான் கை நிக்கும்."

அந்த முடிச்சும் வந்தது. மாலை கழன்றது. அப்போதாவது விலகியிருக்கலாமே என்பீர்கள். பழகிய கை விட்டதா? பக்கத்தில் கிடந்த அடுத்த குல்லாவைப் பிடித்துக்கொண்டது.

பிள்ளைகளுக்காக ஒரே ஒரு மாலையாவது கோர்த்துக் கொடு என்று நெளிச்சி கெஞ்சியது. அதற்கு உட்கருவிலிருந்து சரடு வர வேண்டுமே! உட்கருவைத்தான் வைரஸ் எப்போதோ அடக்கிவிட்டதே. கோர்ப்பான் அழுதுகொண்டே கோர்த்தது. அந்த அழுகையிலும் ஒரு மணி தப்பவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கடைசியில் நெளிச்சி வெடித்தது. பிள்ளைகள் இல்லை. புது வைரஸ்கள் குட்டையெங்கும் பரவின. ஒவ்வொன்றின் உறையிலும் ஒரு குறை சொல்ல முடியாது, அப்படி வேலைப்பாடு. கோர்ப்பான் பாதி மாலையைப் பிடித்தபடி தண்ணீரில் கரைந்துபோனது. கொஞ்சம் தள்ளி இன்னொரு அமீபா, நல்ல தீனி வருகிறதென்று காலை நீட்டியது.

யார் சொன்னது, எதற்காக என்று கேட்காத கைக்குத் திறமை கூடக்கூட, அது தன் வீட்டைத்தான் வேகமாக அழிக்கும்.