மிச்சிருவின் அலங்கார சைக்கிள்

ரொம்ப காலத்துக்கு முன்னால், ஜப்பான் தேசத்துத் தீவு ஒன்றில், இளசுகளுக்கெல்லாம் சைக்கிள் பைத்தியம். சைக்கிளின் பின்னால் பலகைப்பெட்டி கட்டி, விளக்கும் கண்ணாடியும் பதித்து, படம் தீட்டி, வசந்த விழாவில் ஊர்வலம் போவார்கள். முதல் பரிசு, இளவரசி கையால் சைக்கிளில் கட்டத் தங்கமணி.

மிச்சிருவின் சைக்கிள் மட்டும் வெறும் இரும்பும் வெற்றுப் பெட்டியுமாக நின்றது. தோழி சாயோவோ நாற்பது நாள் உட்கார்ந்து தன் பெட்டியில் கண்ணாடிகள் பதித்து, சிவப்பு மீன் வரைந்திருந்தாள்.

விழாவன்று மந்திர நரி ஒன்று மிச்சிருவை வழிமறித்தது. "யார் செய்தது என்று கேட்டால், 'நானேதான்' என்று சொல். உன் சைக்கிள் ஜொலிக்கும்."

முதல் தெருவில் ஒருவர், "யார் செய்தது?" என்றார்.

"நானேதான்!" பளபளவென்று கண்ணாடிகள் முளைத்தன.

இரண்டாம் தெருவிலும் கேட்டார்கள். "நானேதான்!" பெட்டியில் சிவப்பு மீன் நீந்தியது. சாயோவின் மீன்!

சாயோ அழுதுகொண்டே ஓடிவந்தாள். "மிச்சிரு, என் கண்ணாடியைக் காணோம், மீனைக் காணோம். தேட வர்றியா?"

மிச்சிரு பெட்டியைத் துணியால் மூடினாள். "எனக்கு நேரமில்லை."

மூன்றாம் தெருவில் துணி காற்றில் பறந்தது. "அடடா! யார் செய்தது?"

"நானேதான்" என்றாள், குரலே எழும்பாமல். மறுகணம், மீனைத் தேடி எதிரே வந்த சாயோ மறைந்தாள். மீனுக்குப் பக்கத்தில், கன்னத்தில் கண்ணீரோடு, படமாக நின்றாள்.

இளவரசி தங்கமணியோடு வந்தாள். "உயிருள்ள முகம் போலவே இருக்கிறதே! யார் வரைந்தது?"

நரி சிரித்தது. ஊரே பார்த்தது. மிச்சிருவுக்கு நிலம் பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"நான் இல்லை! கண்ணாடியும் அவளுடையது, மீனும் அவளுடையது. இவள் படமில்லை, என் சாயோ. நான் பொய் சொன்னேன். நான் ஒரு திருடி!"

நரி புகையாய்ப் போனது. சாயோ குதித்து வெளியே வந்தாள்; கண்ணாடிகளும் மீனும் அவள் சைக்கிளுக்கே திரும்பின. தங்கமணியும் அவளுக்கே. மிச்சிரு தலைகுனிந்து வெறும் இரும்பைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

"எங்கே போறே?" என்றாள் சாயோ. முகத்தில் கோபம் தணியவில்லை. "மேட்டில் என் வண்டி ஏறாது. பின்னாலிருந்து தள்ளு."

மிச்சிரு மேடு முழுக்கத் தள்ளினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுவருஷம் அவள் பெட்டியில் கோணல்மாணலாக ஒரு நண்டு.

"ஏழு கால்தானே இருக்கு?" என்றாள் சாயோ.

"எட்டாவதை வரைவதற்குள் ஊர்வலம் கிளம்பிவிட்டதே!"

சாயோ விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு, மிச்சிருவோடு அவள் சிரித்தது அன்றுதான்.