மின்சாரம் கேட்காத கேள்வி

ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு குறடு இருந்தது. எத்தனையோ கைகளுக்கு வயரிங் வேலையைப் பழக்கிவிட்ட பெருமை அதற்கு.

அங்கே ஷமீமா என்ற பெண் சேர்ந்தாள். அவளுடைய வாப்பா படுத்த படுக்கை. அவரைத் தனியே விட்டுவிட்டுத் தினமும் வர முடியாது. வாரம் முழுக்க வீட்டிலிருந்தே கைப்பேசியில் பாடம் கேட்டாள். சனிக்கிழமை மட்டும் பட்டறைக்கு வந்தாள்.

குறட்டுக்கு அது பிடிக்கவில்லை. படம் பார்த்துப் படித்தவள் கையில் தொழில் நிற்காது என்று மற்றக் கருவிகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. கைப்பேசியும் விடவில்லை. அவள் கஞ்சி ஊட்டும்போதுகூடத் தான் பாடம் சொல்வதாகவும், குறடு சுவரில் தொங்குவதைத் தவிர அவளுக்கு என்ன செய்தது என்றும் கேட்டது.

ஷமீமாவுக்கு வீட்டில் எல்லாம் புரிந்தது. பட்டறைக்கு வந்தால் விரல் தடுமாறியது. கடைசிவரை அரைகுறையாகவே நின்றுவிடுவோமோ என்ற பயம் அவளை அரித்தது.

ஒரு சனிக்கிழமை, வகுப்பறையின் பழைய சுவிட்ச் போர்டை மாற்றும் வேலையை மாஸ்டர் தணிகாசலம் அவளிடம் கொடுத்தார். அவள் மெயினை அணைத்தாள். போர்டைக் கழற்றி, உள்ளே கிடந்த வயரை வெளியே இழுத்தாள்.

மெயினை அணைத்தால் போதும், பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றது கைப்பேசி. இத்தனை வருஷமும் அப்படித்தான் வெட்டியிருக்கிறேன் என்றது குறடு. இரண்டும் ஒத்துப்போனது அன்றுதான். அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

வயரில் மின்சாரம் இருந்தால் எரிந்து காட்டும் டெஸ்டர், சட்டைப்பையிலிருந்து மெல்லக் கேட்டது: "என்னை ஒருமுறை வைத்துப் பார்க்கிறாயா?"

வைத்தாள். அதன் வயிற்றுக்குள் விளக்கு எரிந்தது. மெயின் அணைந்த அடுத்த நொடியே, மின்வெட்டுக்கென்று வைத்திருந்த இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு அந்த வயரில் மின்சாரத்தை ஓட விட்டிருந்தது.

ஷமீமாவின் கை அந்தரத்தில் நின்றது. கட்டிலில் கிடக்கும் வாப்பாவின் முகம் கண்முன் வந்தது.

வயருக்குள்ளிருந்து மின்சாரம் பேசியது: "பட்டறையில் படித்தாயா, வீட்டில் படித்தாயா என்று நான் கேட்பதில்லை. தொட்டவரைப் பிடித்துக்கொள்வேன், அவ்வளவுதான்."

குறடு வாயை மூடிக்கொண்டது. 

டெஸ்டர் எரிவதைக் கண்ட மாஸ்டர் ஓடிவந்து இன்வெர்ட்டரை அணைத்தார்.  இன்றைக்குப் போதும், வீட்டுக்குப் போ என்றார். அவள் போகவில்லை. "மாஸ்டர், இன்வெர்ட்டரை மறுபடியும் போடுங்கள்" என்றாள்.

கைப்பேசியைப் படம் பிடிக்கும்படி ஸ்டூலின் மேல் நிற்க வைத்து, அதன் முன்னால் டெஸ்டரை மறுபடியும் வயரில் வைத்தாள். இதுவரை சொல்லிக்கொடுத்தே பழகிய அது, முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எல்லாவற்றையும் அணைத்து, டெஸ்டர் இருண்டு கிடப்பதைக் கண்ட பின்தான் குறட்டை எடுத்தாள். "கொஞ்சம் அழுத்திப் பிடி" என்றது குறடு. அதன் குரலில் ஏளனம் இல்லை.

அந்த வாரம் வீட்டிலிருந்து படிக்கும் எல்லோருக்கும் ஒரு புதுப் பாடம் போனது. அதில் பேச்சே இல்லை. ஒரு கை, ஒரு டெஸ்டர், செத்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய வயரில் எரியும் ஒரு சின்ன வெளிச்சம்.