ஒரே கட்டில், மூன்று முதுகுகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பிசியோதெரபி கல்லூரி இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுகளைக் கையாலேயே சரிசெய்யும் மேற்படிப்பை அங்கே நடத்தியவர் பேராசிரியர் சடகோபன். நோயாளியிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். "வாய் பொய் சொல்லும். என் கட்டைவிரல் சொல்லாது" என்பார்.

அரசு ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்த செண்பகவல்லிக்கு வாயை மூடத் தெரியாது. "நோயாளிகிட்டயே கேட்டுரலாமே சார்?" என்றாள்.

சடகோபனுக்குச் சுருக்கென்றது. "பரீட்சையில மூணு முதுகைத் தொட்டு, எந்த முள்ளெலும்பு இறுகியிருக்குன்னு சொல்லுவேன். அதையே நீ முன்கூட்டி எழுதி வச்சிருக்கணும். ஒண்ணு மாறினாலும் சர்டிபிகேட் கிடையாது. ஆளுங்களை நீயே கூட்டிட்டு வா!"

பரீட்சை நாளில், கட்டிலில் முகம் வைப்பதற்கென்று இருந்த ஓட்டையில் முகம் புதைத்து, இடுப்புவரை போர்வையோடு படுத்திருந்தவரின் முதுகைச் சடகோபன் அழுத்தினார். "நாலாவது எலும்பு, இடப்பக்கம்." ஆள் மாற, கட்டிலைச் சுற்றியிருந்த திரை மூடித் திறந்தது. "அஞ்சாவது, வலப்பக்கம்." மறுபடியும் மூடித் திறந்தது. "மூணாவது எலும்பு. ரொம்ப மோசமான முதுகு!"

செண்பகவல்லியின் தாளில் மூன்று இடத்திலும் 'முதுகில் கோளாறில்லை' என்றிருந்தது.

"மூணு பேருக்கும் ஒரே விடையா?" என்று சிரித்தார் சடகோபன்.

"ஆள் ஒருத்தர்தானே சார். நான் போர்வையை மட்டும்தான் மாத்தினேன்."

சடகோபன் முகம் கறுத்தது. "கோளாறில்லைன்னு உன் எந்த விரல் சொல்லிச்சு?"

ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அந்தம்மா கேட்டாங்க, நான்தான் சொன்னேன். எனக்கு முழங்கால் வலி சார். முதுகு வலி இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."